ஆனைவேலி அன்னப்பூரணி

இடது உள்ளங்கையில் அரிசி மணியளவு கிறீஸ். வலது கைச் சுண்டுவிரலால் அதைத் தொட்டு, பித்தளை ஊசியின் அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை இழுக்கிறாள். ஊசியைத் திருப்பி மறுபக்கமும் ஒருமுறை. பிறகு வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். மினுக்கம் தெரிய வேண்டும், கிறீஸ் தெரியக் கூடாது. தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். எல்லாம் சரியென்றால் ஊசியைக் குழலுக்குள் சொருகி, கறுப்பு உறை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துவாள். இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் மூன்று தடவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

நறுவிலிவட்டை வயல்களைக் காக்கும் ஆனைவேலியில் இப்படிப் பதினொரு இணைப்புகள் இருக்கின்றன. உழவு இயந்திரம் வயலுக்குள் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கம்பி அறுபட்டு, மண்ணுக்குள் புதைந்த வயர் வழியாகப் போய், மறுகரையில் இப்படி ஓர் ஊசியும் குழலுமாக மீண்டும் கம்பியோடு சேர்கிறது. மண்டூருக்கு மேற்கே, வாவிக் கரையிலிருந்து புதர் மண்டிய பற்றைக்காட்டின் ஓரம்வரை இரண்டரைக் கிலோமீற்றர். ஒரு முனையில் சீமெந்துக் கொட்டில். அதற்குள் பெற்றரியும், நொடிக்கொரு தடவை கம்பிக்கு மின்சாரத்தை உதைத்து அனுப்பும் பெட்டியும் இருக்கின்றன. கூரையில் சூரியத் தகடு. அந்த மின்சாரம் உயிரை எடுக்காது. ஆனால் தொட்டவர் இரண்டாம் முறை தொடமாட்டார்.

அன்னப்பூரணிக்கு நாற்பத்து நான்கு வயது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. கொட்டிலில் பெட்டியை நிறுத்தி, திறப்புச் சாவியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பதினொன்றையும் கழற்றிப் பார்த்து வருவாள். திரும்பி வந்து பெட்டியை இயக்கிவிட்டு இரண்டாம் சுற்று நடப்பாள். அந்தச் சுற்றில் கை வேலை இல்லை, காது வேலைதான். ஒவ்வோர் இணைப்பின் அருகேயும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். நல்ல இணைப்பு பேசாது. உள்ளே கெட்டுப்போனது, வெற்றிலை பாக்கைக் கடிப்பதுபோல 'டிக், டிக்' என்று முனகும். மின்சாரம் கடக்க வழியில்லாமல் உள்ளுக்குள் தாவுகிற சத்தம் அது.

ஊரின் ஆண்கள் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு புல்லைப் பிடுங்கி அதன் நுனியைக் கம்பியில் வைப்பார்கள். விரலில் மெல்லியதாக ஓர் உதறல் வரும். சிரித்துக்கொண்டே போவார்கள். அன்னப்பூரணி அந்தப் புல்லைத் தொட்டதில்லை. அவளிடம் ஐந்து சின்ன விளக்குள்ள ஒரு மீற்றர் இருக்கிறது. அதை மூன்றடி நீளப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றின் நுனியில் கட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவாள். பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து, எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்ப்பாள்.

அவள் பயப்படாத பொருள் என்று ஊரில் எதுவும் இல்லை. இடி இடித்தால் காதை மூடிக்கொண்டு சமையலறை மூலையில் குந்திவிடுவாள். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சில் கைவைத்த பின்தான் எடுப்பாள். ஆனை என்ற சொல்லை அவள் வாயால் சொல்வதில்லை. "அவர்" என்பாள். "நேத்து அவர் வாய்க்கால் கரையால போயிருக்கார்." "இண்டைக்கு அவர்ர வாடை கிட்ட இருக்கு." ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவள் யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிக் கதைக்கிறாள் என்று நினைப்பார்கள். களுவாஞ்சிக்குடி அரிசி ஆலையில் வேலை செய்யும் அவளுடைய கணவன் சுதாகரன் மட்டும் அவளைக் கேலி செய்வதில்லை. "இவள் பயந்து முழிச்சிருக்கிறதாலதான் நாங்க கண் மூடுறம்" என்று ஒருநாள் விவசாயிகளின் கமக்காரர் சங்கக் கூட்டத்திலேயே சொன்னான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவள் அடுப்பு மூட்டக் குனிந்தபோது, சமையலறை யன்னல் வழியாக ஒரு தும்பிக்கை உள்ளே வந்தது. மூலையில் இரண்டு மூட்டை நெல் இருந்தது. அந்த மூச்சில் அடுப்புச் சாம்பல் கிளம்பி அவள் கண்ணுக்குள் விழுந்தது. கண்ணைக் கசக்கக்கூடக் கையைத் தூக்காமல் சுவரோடு ஒட்டி நின்றாள். தும்பிக்கை அவள் தோளைத் தாண்டிப் போய் மூட்டையைத் தடவி, அதை இழுத்து, யன்னலோடு சேர்த்துச் சுவரில் பாதியையும் பெயர்த்துக்கொண்டு போனது.

அன்றைக்கும் வேலி இருந்தது. கொட்டிலில் பெட்டி ஒழுங்காக அடித்துக்கொண்டுதான் இருந்தது. வெயில் ஏறியபின் எல்லோருமாகப் போய்த் தேடியபோதுதான், நடுவில் ஓர் இணைப்புக்குள் பச்சைக் களிம்பு அடைத்து, அதற்கப்பால் கம்பி வெறும் கொடிக்கம்பியாகக் கிடப்பது தெரிந்தது. ஆண்கள் அதைக் கழற்றி, தட்டி, மறுபடி சொருகிவிட்டு வந்தார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்று அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆனையைத் தடுக்கிற விசயம் இந்தச் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில்தான் இருக்கிறது என்பது அவளை ஆனையைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"வேலிய நான் பாக்கிறன்" என்று அன்று மாலையே சங்கத்தில் போய்க் கேட்டாள். "படுத்தாலும் எனக்குக் கண் மூடாது. நடந்தாலாவது சரி."

கெட்டுப்போன இணைப்பைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துக் காத்தான்குடிக்கு எடுத்துப்போனாள். வாகனங்களுக்கு வயரிங் சாமான் விற்கும், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் றிஸ்லான் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தான்.

"இது உப்புக் காத்துர வேல, தங்கச்சி."

"இறுக்கமாத்தானே நானா பூட்டியிருந்த?"

"இறுக்கம்தான். ஆனா காத்துல கம்பி ஆடுதில்லையா? ஆடக்குள்ள உள்ளுக்க ஊசியும் குழலும் மயிரளவு உரசும். உரசி உரசித் தேஞ்ச இடத்துல பச்சை புடிக்கும். பச்சைக்குள்ளால கரண்ட் போகாது." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து அவள் கையில் வைத்தான். "இது சிலிக்கோன் கிறீஸ். தேய்மானத்துக்கும் தடுப்பு, ஈரத்துக்கும் தடுப்பு. றப்பரையும் தின்னாது. ஆனா ஒண்டு. முதல் சுத்தம், மறுகா கிறீஸ். பச்சைக்கு மேல பூசினீங்களெண்டா பச்சைக்குக் கதவு சாத்திக் குடுத்த மாதிரி. உள்ளுக்க இருந்து நல்லா வளரும்."

"எவ்வளவு பூசிற நானா?"

"ஈக்கால் நனையிற அளவு."

அந்த அளவை அவள் இன்றுவரை மீறியதில்லை.

கமக்காரர் சங்கத் தலைவர் அருமைநாயகத்துக்கு இந்த அளவுதான் வேடிக்கையாக இருந்தது. அவர் நல்ல மனுசன். உரத்த குரல், அகன்ற கை. யாருக்கும் எதிலும் குறைவைக்க மாட்டார். "கண்ணுக்கு மை போடுறாள்" என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார். போன பெரும்போகத்தில் அவள் நான்கு தடவை போன் அடித்து, அவர் நான்கு தடவையும் ஆனைவெடியோடு ஓடிவந்தார். ஒருமுறை அது எருமை. ஒருமுறை வைக்கோல் போர். ஒருமுறை பழுதாகி நின்ற தண்ணீர்ப் பவுசர் வண்டி. நான்காம் முறை அங்கே எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு "பூரணிக்கு மாடு இருமினாலும் ஆனைதான்" என்பது ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கியது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

இந்தத் தை மாதம், நெல் பால் பிடித்து மணக்கத் தொடங்கிய நேரம், அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாட்கள் ஆசுபத்திரியில் கிடந்தாள். இரண்டாம் நாள் கையில் ஊசி குத்திய நிலையில் அருமைநாயகத்துக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணன், ஏழாம் பிளக்க மட்டுமெண்டாலும் ஒருக்காப் பாருங்க. வாவிக் காத்து நேர அதிலதான் அடிக்கிற."

அவர் ஏழாவதை மட்டும் பார்க்கவில்லை. பதினொன்றையும் தன் கையால் பார்த்தார். அவளுடைய கிறீஸ் குழாய் அவள் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அதற்காக யாரையும் அலைக்கழிக்க வேண்டாமென்று தன் உழவு இயந்திரத்தின் கறுப்புக் கிறீஸை ஒரு தகரப் பேணியில் எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை அவரே போன் எடுத்தார். "பதினொண்டும் முடிஞ்சுது புள்ள. நீ பூசிறத விடப் பத்து மடங்கு. இனி ஒரு வருசத்துக்குத் தொடத் தேவையில்ல. நீ நிம்மதியா நித்திரை கொள்ளு."

அன்னப்பூரணி நித்திரை கொள்ளவில்லை. என்ன கிறீஸ் என்று கேட்க நினைத்தாள். இவ்வளவு செய்தவரிடம் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகல் வீட்டுக்கு வந்தாள். சுதாகரன் அவளைப் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போனான். நாலரை மணிக்கு அவள் எழுந்து, மீற்றர் கட்டிய குழாயையும் துணியையும் தன்னுடைய கிறீஸையும் எடுத்துக்கொண்டு கொட்டிலடிக்குப் போனாள். கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. முதலில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிறகு வந்து பெட்டியை நிறுத்திக் கழற்றலாம் என்பது எண்ணம்.

கொட்டிலடியில் ஐந்து விளக்கும் எரிந்தன. முதலாம் இணைப்பில் கறுப்புக் கிறீஸ் உறையைத் தாண்டி வழிந்து, அதில் மண்ணும் எறும்பும் ஒட்டியிருந்தன. மூன்றாவதில் குனிந்தபோது 'டிக், டிக்' கேட்டது. ஐந்தாவதிலும் கேட்டது. ஊர் வீதி வாய்க்காலைக் கடக்கும் மதகைத் தாண்டி, ஆறாவதைக் கடக்கும்போது மூன்று விளக்குகள்தான் எரிந்தன. ஏழாவதன் இந்தப் பக்கத்தில் மூன்று. அந்தப் பக்கத்தில் மீற்றரை நீட்டினாள். ஒன்றும் எரியவில்லை. ஒற்றைக் கண்ணை மூடி மறுகண்ணைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அங்கிருந்து பற்றைக்காடுவரை வேலி செத்துக் கிடந்தது.

அப்போதுதான் வாடை வந்தது. நனைந்த சாக்கும் புளித்த புல்லும் கலந்த வாடை. இரண்டு தூண்களுக்கு அப்பால் ஒரு வேலித் தூண் உள்பக்கமாகச் சாய்ந்து, கம்பிகள் முழங்காலளவுக்குத் தொய்ந்திருந்தன. சேற்றில் சுளகு அகலத்தில் ஒரு கால்தடம். அதன் முகம் ஊரைப் பார்த்து இருந்தது. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மதகடி வாழைகளுக்குள் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று அசைந்தது. காது. அது விசிறிபோல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வந்தபோதும் அது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அவள் அதன் அருகால்தான் நடந்து வந்திருக்கிறாள். இப்போது கொட்டிலும் வீடும் ஊரும் அந்தக் காதுக்கு மறுபக்கத்தில் இருந்தன.

ஏழாவது இணைப்பின் தூணடியில் குந்தி, போனை எடுத்தாள். சார்ஜ் ஒரு கோடு காட்டியது.

"அண்ணன்... அவர் உள்ளுக்க வந்திட்டார்."

"ஆர் புள்ள? சத்தமாப் பேசு. களுதாவளைக் கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் மண்டூர்த் துறையில இறங்கினம். ஒரே சனம்."

"அவர்... மதகடியில நிக்கிறார்."

சன இரைச்சலில் அவருக்கு அந்த 'அவர்' யாரென்று பிடிபடவில்லை. "விவசாய ஒபிசர் ஐயாவா? நிக்கச் சொல்லு. இந்தா நானும் அக்காவும் வாறம்."

மூன்று வருடமாகச் சொல்லாத சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் வாழைக்குள் நிற்பது திரும்பிப் பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆனை" என்றாள். "ஆனை, அண்ணன். ஏழாம் பிளக் செத்துப்போச்சு. ஆனை உள்ளுக்க நிக்கிது. மதகால வராதீங்க."

அவர் சிரித்தார். "பதினொண்டையும் என்ட கையால பூசினன் புள்ள. காய்ச்சல் உனக்கு இன்னும் விடல்ல. போய்ப் படு." பின்னால் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை "என்னவாம்?" என்று கேட்பதும், அவர் "பூரணிக்கு ஆனை தெரியிதாம்" என்பதும் கேட்டன. அவர் வைத்துவிட்டார். அன்னப்பூரணி மறுபடி எடுத்தாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுக்கும்போது போன் கையில் அணைந்தது.

அவர்கள் ஊர் திரும்பும் வழி மதகால்தான். துறையிலிருந்து அங்கே மோட்டார்சைக்கிளில் கால் மணித்தியாலம்.

கை சும்மா இருக்க மறுத்தது. அவள் ஏழாவது இணைப்பைப் பார்த்தாள். கறுப்பு உறை விரலகலத்துக்கு வெளியே தள்ளி நின்றது. அதை இழுத்துப் பிரித்தாள். செத்த பக்கத்து ஊசியைச் சேலை மறைவில் வைத்துத் துடைத்தாள். முதலில் கறுப்பு வந்தது, அதற்குக் கீழே பச்சை வந்தது, அதற்கும் கீழேதான் பித்தளை. உயிருள்ள பக்கத்துக் குழலைச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டியை நிறுத்த முடியாது, அது மதகுக்கு அப்பால் இருக்கிறது. புற்குச்சி ஒன்றில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டாள். துணி ஈரம். முழங்கைவரை யாரோ உலக்கையால் அடித்ததுபோல இருந்தது. கை தானாகப் பின்னால் பறந்து தூணில் மோதியது. கத்தாமல் இருக்க மறுகையைக் கடித்துக்கொண்டாள். வாழைக்குள் காது ஆடிக்கொண்டேயிருந்தது. காய்ந்த துணி நுனியைத் தேடிக் கிழித்து, இந்தத் தடவை மீற்றர் கட்டியிருந்த பிளாஸ்ரிக் குழாயின் மறுமுனையில் திரிபோல முறுக்கிக் கட்டி, கண்ணை மூடாமல், ஒவ்வோர் உதைக்கும் இடையில் எண்ணி எண்ணிக் குழலைத் துடைத்தாள். பிறகு ஈக்கால் நனையிற அளவு கிறீஸ் ஊசியில்.

சொருகுவதற்காகக் கையைக் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

இப்போது பூட்டினால் வேலி உயிர்க்கும். வந்த வழி அடைபடும். உள்ளே நிற்பது வெளியே போக முடியாமல் எந்தப் பக்கம் திரும்பும்? ஊருக்குள்தான். அது தானாகப் போகும்வரை இந்த இணைப்பு பிரிந்தே இருக்க வேண்டும். போன மறுகணம் பூட்டவும் வேண்டும். அதற்கு ஆள் இங்கே இருக்க வேண்டும். அவள் இரண்டு முனைகளையும் உறையோடு இரண்டு கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

மோட்டார்சைக்கிள் சத்தம் தொலைவில் கேட்டது. அருமைநாயகத்தின் பழைய வண்டி. அந்தச் சத்தம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாழைக்குள் ஆடிக்கொண்டிருந்த காது நின்றது.

காது ஆடும்வரை பயமில்லை. நின்றால் அது கேட்கிறது என்று பொருள்.

அவள் முனைகளைத் தனித்தனியாகத் தூணில் கொளுவினாள். வயல் வரம்பில் இறங்கினாள். நேரே போனால் ஆனை. சுற்றிப் போனால் மதகுக்கு அறுநூறு அடி முன்னால் வீதியில் ஏறலாம். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த கால்கள். வரம்பு வழுக்கி இரண்டு தடவை சேற்றுக்குள் விழுந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடியது அந்த ஒருமுறைதான். திரும்பிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீதியின் நடுவில், உடம்பெல்லாம் சேறு வழிய, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

அருமைநாயகம் பிரேக் அடித்தார். வண்டி சறுக்கி அவள் முழங்காலில் இடித்து நின்றது. "என்ன புள்ள, பைத்தியமா உனக்கு..." என்று அவர் தொடங்கும்போது, அவள் கையை நீட்டி வண்டியின் திறப்பைத் திருப்பினாள். சத்தம் நின்றது. பிறகு மோவாயால் முன்னால் காட்டினாள்.

ஆனை மதகடியிலிருந்து வீதிக்கு ஏறி, சத்தம் வந்த திசையில் நடந்து வந்திருந்தது. பெரிய ஆண். நெற்றியில் சேறு காய்ந்து பிளந்திருந்தது. அறுபது அடி தூரத்தில், காதுகளை விரித்து, எங்கே போனது அந்தச் சத்தம் என்று தேடுவதுபோல நின்றது.

யாரும் அசையவில்லை. கோயிலுக்கு உடுத்த புதுச் சேலையோடு வண்டியின் பின்னால் இருந்த இலட்சுமிப்பிள்ளை "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கோயிலில் இருப்பவரிடம் சொன்னாளா, எதிரில் நின்றவரிடம் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. அருமைநாயகத்தின் மேலுதடு முழுக்க வியர்வை. ஆனை ஒரு காலை முன்னால் வைத்தது. மண்ணை உதைத்தது. பிறகு, ஏதோ மறந்துபோனதுபோல, பக்கவாட்டில் திரும்பி வாய்க்காலுக்குள் இறங்கி, வந்த வழியே நடந்தது. தொய்ந்த கம்பிகளை ஒவ்வொரு காலாகத் தாண்டி அப்பால் போனது.

"போவம், போவம் புள்ள, ஏறு" என்றார் அருமைநாயகம்.

"இல்ல அண்ணன். இப்ப பூட்டணும்."

"விடு. அது போயிட்டு."

"அவர் தனிய வரல்ல. பத்தைக்குள்ள பாருங்க."

பற்றையின் மேல்நுனிகள் மூன்று இடங்களில் ஆடிக்கொண்டிருந்தன. அன்று காற்று அந்தத் திசையில் அடிக்கவில்லை.

அவள் நடந்தாள். அருமைநாயகம் மனைவியைப் பார்த்தார். "போங்க, அந்தப் புள்ளைய விட்டுட்டு நிக்கிறீங்களே" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. அவர் ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டார்.

"தூண நிமித்திப் பிடிங்க" என்றாள் அன்னப்பூரணி. "கம்பியில கை படாமப் பிடிங்க."

"சொக் அடிக்குமா?"

"அடிக்கும். எனக்கு அடிச்சிட்டு."

அவர் தூணைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தினார். அவள் ஒரு கவைக்கொம்பைத் தேடி முட்டுக்கொடுத்தாள். பிறகு ஏழாவதிடம் வந்து இரண்டு முனைகளையும் எடுத்தாள். ஊசி குழலின் வாயைத் தவறித் தவறிப் போனது. அவருடைய கண்ணெதிரே பற்றை விலகி, ஒரு பெரிய பெண்ணானையும் அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு கன்றும் வெளியே வந்தன. "பூரணி" என்றார் அவர். அவள் நிமிரவில்லை. மூன்றாம் முறை ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டக்.

மீற்றரை நீட்டினாள். மூன்று விளக்குகள்.

பெண்ணானை தும்பிக்கையை நீட்டிக் கம்பியை மோந்து பார்த்தது. ஒரு கணம்தான். ஊரே கேட்கும்படி பிளிறிக்கொண்டு பின்னால் எகிறி, கன்றை முன்னால் தள்ளிக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது. மரங்கள் முறியும் சத்தம் வெகுதூரம்வரை போனது.

அருமைநாயகம் தூணடியிலேயே குந்திவிட்டார். தரையில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தார். கறுப்பு, அதற்குள் பச்சை.

"நான் நல்லதுக்குத்தானே பூசினன்."

"தெரியும் அண்ணன்."

"அப்ப என்ன பிழை?"

"பச்சைய வழிக்காம மேலால பூசிட்டீங்க. மறுகா இது உழவு மெசின் கிறீஸ். உள்ளுக்க இருக்கிற றப்பர் வளையத்த ஊத வச்சிரும். பாருங்க. வளையம் ஊதினதும் பிளக்க வெளிய தள்ளிட்டு." அவள் அதைக் குரலை உயர்த்தாமல், அவரைப் பார்க்காமல், பற்றையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் போன்லயே கேட்டிருக்கணும், என்ன கிறீஸெண்டு. கேக்கப் பயந்திட்டன். பிழை எனக்கும்தான்."

மறுநாள் விடியற்காலையிலேயே இரண்டு பேரும் பதினொன்றையும் பிரித்தார்கள். ஊதிப்போன வளையங்களைக் கழற்றி எறிந்து புதியவை போட்டார்கள். அருமைநாயகம் முழங்காலில் நின்று ஒவ்வோர் ஊசியையும் பித்தளை தெரியும்வரை துடைத்துக் கொடுக்க, அவள் கிறீஸ் இட்டாள். மதியம் திரும்பும்போது ஐந்து விளக்குகளும் கடைசித் தூண்வரை எரிந்தன.

இதற்குப் பிறகு அன்னப்பூரணி துணிந்தவளாகிவிட்டாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை. பயம் கூடித்தான் இருக்கிறது. இரண்டு நடை இப்போது மூன்று நடை. மதகடி வாழைகளை வெட்டும்படி சங்கத்தில் கேட்டு வெட்டுவித்தாள். வெட்டிய பிறகும் அந்த இடத்தைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நடக்கிறாள். மழை இருட்டினால் சோறு இறங்குவதில்லை. ஆனை என்ற சொல்லை அன்றோடு மறுபடி விட்டுவிட்டாள். "ஒருக்காச் சொன்னதே போதும்" என்கிறாள்.

மாறியது வேறொன்று. மாலை நேரத்தில் அருமைநாயகம் மண்டூரிலிருந்து வரும்போது, மதகுக்கு அறுநூறு அடி முன்னால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுகிறார். தலைக்கவசத்தையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அங்கிருந்து பார்த்தால் வேலியோரம் அவள் நடப்பது தெரியும். போகலாமென்று அவள் கையை உயர்த்திக் காட்டும்வரை அவர் நகர்வதில்லை. பின்னால் வருகிற மற்ற வண்டிகளும் அப்படியே நிற்கப் பழகிவிட்டன.

நேற்றும் நின்றார்கள். மூன்று மோட்டார்சைக்கிள்கள், ஓர் உழவு இயந்திரம், பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருத்தி. அன்னப்பூரணி ஏழாவதிலிருந்து நிமிர்ந்து, பற்றைப் பக்கம் பார்த்தாள், மதகுப் பக்கம் பார்த்தாள். காற்று இல்லை. எங்கும் ஒரு அசைவும் இல்லை. கையைத் தோளளவுக்கு உயர்த்தினாள். வீதியில் யாரோ திறப்பில் விரலை வைத்தார்கள். அவள் தலையைச் சற்றே சாய்த்துப் பற்றைப் பக்கம் காதுகொடுத்தாள். உயர்த்திய கையை மெதுவாக மறுபடி கீழே இறக்கினாள். வீதியில் திறப்பின் மேலிருந்த விரலும் விலகியது.